பண்ணாரி – திம்பம் – ஆசனூர் சாலையில் எங்கே நிறுத்தலாம், என்ன கிடைக்கும்?

கேள்வி: கோபி வாசகி

அடுத்த வாரம் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து சத்தியமங்கலம், திம்பம் வழியாகச் சாம்ராஜ்நகருக்குக் காரில் போகிறோம். அப்பாவுக்கு 74 வயது, சர்க்கரை நோய் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், அடிக்கடி இறங்கவும் வேண்டும். பண்ணாரியைத் தாண்டினால் சாப்பாட்டுக் கடை, பஞ்சர் கடை, கழிப்பறை இருக்கிறதா? வழக்கமாக அந்த வழியில் போகிறவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: ஈரோடு பயணி

காட்டுக்குள் ஒன்றும் கிடைக்காது. சாப்பாடு, தண்ணீர் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே எடுத்துக்கொண்டு, எங்கேயும் நிறுத்தாமல் கர்நாடக எல்லைக்குப் போய்விடுங்கள்.

பதில் 2: தாளவாடி பிக்கப் ஓட்டுநர்

ஈரோடு அண்ணா சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மலைமேல் இருக்கிற எங்கள் தாளவாடியின் முட்டைக்கோஸை ஏற்றிக்கொண்டு இந்தச் சாலையில் இறங்கி ஏறுவதுதான் என் பிழைப்பு. நிறுத்தக் கூடாத இடமும் இருக்கிறது, நிறுத்தியே தீர வேண்டிய இடமும் இருக்கிறது.

அக்கா, பெட்ரோலைச் சத்தியமங்கலத்திலேயே நிரப்பிவிடுங்கள். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்றும் அங்கேயே பார்த்துவிடுங்கள். அப்பாவைப் பண்ணாரியில் இறக்குங்கள். கோயிலை ஒட்டிக் கழிப்பறை, டீக்கடை எல்லாம் உண்டு. சோதனைச்சாவடியைத் தாண்டியதும் மலை ஏற்றம் வந்துவிடும், மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். அதில் ஓரிடத்திலும் நிறுத்தாதீர்கள். வளைவில் லாரி மேலேயிருந்து இறங்கினால் அதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும், நாம்தான் முன்கூட்டியே ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். சரக்கு வண்டி ஏதாவது வளைவில் சிக்கினால் கீழேயிருந்து கிரேன் வந்து சேரும்வரை எல்லோரும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். அதனால் அப்பாவுக்குப் பிஸ்கட்டும் தண்ணீரும் மடியிலேயே இருக்கட்டும். ஈரோடு அண்ணா சொன்னதில் இந்த அளவு சரி.

திம்பம் ஏறியதும் டீக்கடையில் நிறுத்துங்கள். ஏறுகிற வண்டிக்கு எஞ்சின் ஆறும், இறங்கப் போகிற வண்டிக்காரர் பிரேக்கைச் சோதித்துக்கொள்வார். அங்கே டீ குடிக்காமல் இரண்டாவது கியரில் இறங்கத் தொடங்குகிற லாரிக்காரரை நான் அதிகம் பார்த்ததில்லை. சாப்பாட்டுக்கு ஆசனூர். இட்லி, தோசை உண்டு. மதியம் என்றால் ராகிக் களி எந்தக் கடையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பேச்சில் தமிழும் கன்னடமும் கலந்து வரும், இரண்டில் எதில் கேட்டாலும் புரியும்.

இந்தக் கடைகளில் நிறுத்தச் சொல்வதற்கு வேறு காரணமும் இருக்கிறது. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுத் தடை கண்டிப்பாக அமலுக்கு வந்தது. சரக்கு வண்டிக்கு மாலை 6 முதல் காலை 6 வரை, கார் போன்றவற்றுக்கு இரவு 9 முதல் காலை 6 வரை. தாளவாடிக்காரர்கள் அன்று மறியலில் இறங்கினோம், எங்கள் காய் சந்தைக்குப் போக வேண்டுமே. இருந்தாலும் தடை தேவை என்பேன். இந்தக் காடு 2013 முதல் புலிகள் காப்பகம். இரவில் அடிபட்டுக் கிடந்த மானையும் சிறுத்தையையும் இந்தச் சாலையில் போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஆனால் இரவெல்லாம் லாரிக்காரர்களுக்கு டீ ஆற்றிப் பிழைத்த மலைக் கடைகளுக்கு அந்த வருமானம் ஒரே நாளில் நின்றுபோனது. பகலில் போகிற கார்களும் கண்ணாடியை ஏற்றிவிட்டு நிற்காமல் போனால் அவர்கள் எதை வைத்துக் கடை நடத்துவார்கள்? கடை மூடிவிட்டால் நடுவழியில் டயர் வெடிக்கிறவருக்கு உதவ ஆள் இருக்காது. மலையில் டீக்கடைக்காரர்தான் பஞ்சர் போடுகிறவரின் போன் எண்ணை வைத்திருப்பார், எந்த வளைவில் யானை நிற்கிறது என்பதும் அவருக்குத்தான் முதலில் தெரியும்.

ஆசனூர் தாண்டிக் காராப்பள்ளம் சோதனைச்சாவடிப் பக்கம் மெதுவாகப் போங்கள். கரும்பு லாரிக்காகச் சாலையோரம் யானைகள் காத்து நிற்கும். லாரியிலிருந்து கரும்பை எறிந்து எறிந்து பழக்கிவிட்டதன் விளைவு அது. யானை தெரிந்தால் தூரத்திலேயே நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, ஹாரன் அடிக்காமல் இருங்கள். படம் எடுக்க இறங்க வேண்டாம். குரங்குக்கும் எதுவும் போடாதீர்கள்.

பதில் 3: சத்தி பூக்காரர்

பங்குனியில் பண்ணாரி குண்டம் திருவிழா சமயமாக இருந்தால் அந்த நாளைத் தவிர்த்துவிடுங்கள், கூட்டத்தில் கார் நகராது. மற்றபடி, காலையில் சத்தி பூ மார்க்கெட் வழியாகப் போனால் மல்லியும் சம்பங்கியும் வாங்கிக்கொள்ளலாம்.

கோபி வாசகி

மிக்க நன்றி அண்ணா. பிஸ்கட், தண்ணீர் மட்டும் எடுத்துக்கொண்டு ஆசனூரில் சாப்பிடுகிறோம். காலை 6 மணிக்கே பண்ணாரிக்கு வந்துவிடலாமா?

தாளவாடி பிக்கப் ஓட்டுநர்

வேண்டாம் அக்கா. இரவெல்லாம் காத்திருந்த சரக்கு வண்டிகள் 6 மணிக்கு ஒரேயடியாகக் கிளம்பும், உங்கள் கார் அவற்றின் புகையிலேயே மலை ஏற வேண்டியிருக்கும். மேலே பனிமூட்டமும் அப்போதுதான் அதிகம். அப்பாவுக்கு வீட்டிலேயே காலைச் சாப்பாடும் மாத்திரையும் கொடுத்துவிட்டு, எட்டு மணிவாக்கில் பண்ணாரியைத் தாண்டுங்கள். திரும்பும்போது மாலை ஐந்துக்குள் திம்பம் இறங்கிவிடுகிற மாதிரி சாம்ராஜ்நகரில் வேலையை முடியுங்கள்.