உடம்புச் சதை சொன்ன பேச்சைக் கேட்காத நேரம்: உங்களுக்கு நடந்தது உண்டா?

கரிசல்காட்டான்

போன கோடையில் அப்பத்தா தவறிப்போனார். விடியற்காலையில் உயிர் போனது, நாங்கள் ஊர் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். நாடிக்கட்டு, கால் கட்டைவிரல் கட்டு எல்லாம் போட்டிருந்தார்கள். வலது கை மட்டும் முழங்கையில் மடங்கி நெஞ்சுக்கு மேலே நின்றது. குளிப்பாட்டிச் சேலை மாற்ற வேண்டும், கை நீட்ட வரவில்லை. தெருப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து முழங்கையைப் பிடித்து நிதானமாக அழுத்திக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் சட்டென்று விட்டுக்கொடுத்தது. நீட்டிய கை அப்புறம் விறைக்கவே இல்லை, நீட்டியபடியே கிடந்தது.

பத்தாவது படிக்கும் அக்கா மகன் என் காதோரம் கேட்டான்: "மாமா, உசுரு போனா தொளதொளன்னுதானே ஆகணும், ஏன் கட்டையாகுது?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். தசை நாருக்குள் ஆக்டின், மயோசின் என்று இரண்டு வகை இழைகள். மயோசினின் தலை ஆக்டினைப் பற்றும், இழுக்கும், விடும், அடுத்த இடத்தைப் பற்றும்; கிணற்றில் வாளிக் கயிற்றைக் கை மாற்றி இழுப்போமே, அப்படி. இதில் பற்றிய பிடியை விடத்தான் ஏடிபி என்ற ஆற்றல் தரும் மூலக்கூறு ஒன்று வந்து ஒட்ட வேண்டுமாம். மூச்சு நின்ற பிறகு ஏடிபி தயாரிப்பு படிப்படியாக நிற்கிறது. உள்ளே பூட்டி வைத்திருந்த கால்சியம் கசிகிறது, தலைகள் பற்றிக்கொள்கின்றன, விட வழியில்லை. ஒன்றரை நாள் வாக்கில் புரதமே சிதையும்போதுதான் தளர்கிறது. விறைப்பு கண்ணிமையிலும் தாடையிலும் முதலில் தெரியும், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம் வரும். நாடிக்கட்டுக்கு நம் ஆட்கள் ஏன் அவ்வளவு அவசரப்படுகிறார்கள் என்று இப்போது புரிகிறது.

உயிரோடு இருக்கும்போதே சதை இப்படி முரண்டு பிடித்த அனுபவம் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.

பூக்கடைமுக்கு

எனக்கு நேர் எதிர். சதை இறுகவே இல்லை.

மாமா பையன் கல்யாணம். பகல் முழுக்கப் பந்தியில் ஓடியாடிவிட்டு ராத்திரி பசியில் பரோட்டா, ஜிலேபி, பாயசம் என்று வெளுத்துக்கட்டினேன். விடியற்காலையில் ஒன்றுக்கு முட்டி விழிப்பு வந்தது. கால் வரவில்லை. மரத்துப்போகவில்லை, கிள்ளினால் வலிக்கிறது. முழங்காலுக்குக் கீழே ஒரு கொசு உட்கார்ந்து நிதானமாகக் குடித்துக்கொண்டிருக்கிறது. பார்க்கிறேன், கடி உறைக்கிறது, உதற முடியவில்லை. கையும் பாதிதான் எழும்பியது. மனைவியைக் கூப்பிட்டால், "விளையாடாதீங்க, கல்யாண வீடு" என்கிறாள். அந்தக் கொசுவை இன்னும் மறக்கவில்லை.

பக்கவாதம் என்று முடிவே கட்டிவிட்டார்கள். எண்ணெய் தேய்க்க ஆள் கூட வந்துவிட்டார். நல்லவேளை, மைத்துனர் நேரே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். ரத்தத்தில் பொட்டாசியம் 1.9. இருக்க வேண்டியது 3.5க்கு மேல். உழைத்துக் களைத்த உடம்பில் மாவும் இனிப்பும் குவிந்ததும் இன்சுலின் ஏறி, ரத்தத்தில் இருந்த பொட்டாசியத்தைச் செல்லுக்குள் இழுத்துவிட்டதாம். செல்லுக்கு உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு என்ற அந்தக் கணக்கு தப்பினால் நரம்பு சொல்வதைச் சதையால் ஏற்க முடியாது. ஈசிஜி பார்த்துக்கொண்டே சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். சாயங்காலம் முட்டி மடங்கியது, ராத்திரி நடந்தே கழிப்பறைக்குப் போனேன். மூல காரணம் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரந்தது. அதற்கு மருந்து எடுத்த பிறகு திரும்ப வரவில்லை.

ஏழாவதுமலை

வெள்ளியங்கிரி போனவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஏறும்போது மூச்சுத்தான் முட்டியது, கால் ஒன்றும் சொல்லவில்லை. இறங்கி வரும்போது, அடிவாரத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றேன். சும்மா நிற்கிறேன், தொடை தானாக ஆடுகிறது. கையில் இருந்த மூங்கில் கம்பு பாறையில் டக்டக்கென்று தாளம் போடுகிறது. பின்னால் வந்த ஒரு பாட்டி, "தம்பி, உட்காராதே, உட்கார்ந்தா எந்திரிக்க மாட்டே" என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு கடந்து போனார்.

அன்றைக்கு வலி இல்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் கூத்து. எங்கள் வீட்டில் இந்தியன் டாய்லெட். மேற்கொண்டு விவரிக்கவில்லை. லாக்டிக் அமிலம் தேங்கிவிட்டது, வெந்நீர் ஊற்றினால் கரைந்துவிடும் என்று கூட வந்தவர் சொன்னார்.

ஓட்டக்காரி

ஊட்டியில் இறக்கமான ரோட்டில் ஓடிவிட்டு மறுநாள் மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன். என் அனுபவம் அவ்வளவுதான். ஆனால் இந்த லாக்டிக் அமிலக் கதையை யாராவது நிறுத்துங்களேன்.

தசையில் உண்டாகும் வெப்பத்தையும் லாக்டிக் அமிலத்தையும் ஆராய்ந்த ஆர்ச்சிபால்ட் ஹில், ஓட்டோ மேயர்ஹாஃப் இருவருக்கும் 1922க்கான நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்தில் அந்த அமிலம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று நினைத்தார்கள், அது இன்னும் ஜிம் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உழைப்பை நிறுத்தி ஒரு மணி நேரம் வாக்கில் அந்த அமிலம், அதாவது லாக்டேட், பழைய அளவுக்கு வந்துவிடும். இதயம் அதை எரிபொருளாகவே எரிக்கும். அப்புறம் எப்படி மூன்றாம் நாள் வலிக்கு அது பொறுப்பாகும்?

நண்பரே, உங்களைப் படுத்தியது இறக்கம். ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை இறுகிக்கொண்டே நீள வேண்டும், பிரேக் வேலை. தசைநாரில் சார்கோமியர் என்ற அடுக்குகள் வரிசையாக இருக்கின்றன, ஒவ்வொன்றும் இரண்டு மைக்ரோமீட்டர் சொச்சம். பிரேக் பிடிக்கும்போது பலவீனமான அடுக்குகள் அளவுக்கு மீறி இழுபட்டுக் குலைகின்றன. அதைச் சரிசெய்ய உடம்பு அழற்சியைக் கிளப்புவதால் வலி தாமதமாக வருகிறது. இதில் கூத்து என்னவென்றால், ஏறுவதை விட இறங்குவதற்கு ஆக்சிஜன் குறைவாகத்தான் செலவாகும். மூச்சு வாங்காததால் நாம் ஏமாந்து வேகமாக இறங்குகிறோம்.

அதனால் அடுத்த முறை போவதற்குச் சில வாரம் முன்பே மாடிப்படி *இறங்கிப்* பழகுங்கள், ஏறுவது போதாது. ஒரு முறை இறங்கி வலித்த தசைக்கு அடுத்த முறை வலி குறைவாக இருக்கும். காலை அகலமாகத் தூக்கி வைக்காதீர்கள், சின்னச் சின்ன அடி. தூக்கம் முக்கியம். பருப்பு, முட்டை சேர்த்துக்கொள்ளுங்கள். வலியோடு லேசாக நடக்கலாம், தப்பில்லை. முரட்டுத்தனமாக மசாஜ் வேண்டாம்.

ராத்திரிடூட்டி

"வலியோடு லேசாக" என்று பொதுவாக எழுதிவிட்டுப் போகாதீர்கள் மேடம். என் தம்பி ஜிம்மில் சேர்ந்த முதல் நாளே பயிற்சியாளர் உட்கார்ந்து எழும் பயிற்சியைப் போட்டுப் பிழிந்துவிட்டார். தொடை வீங்கியது, வலி சகஜம்தான் என்றார்கள். தம்பி மறுநாளும் போனான். அதற்கடுத்த நாள் காலையில், "அக்கா, இங்கே வந்து பாரு" என்று பாத்ரூமில் இருந்து கத்தினான். சிறுநீர் கடுங்காப்பி நிறம்.

நான் நர்ஸ். பார்த்த மாத்திரத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. சதை உடைந்து அதற்குள் இருக்கும் மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கொட்டினால் சிறுநீரகம் அடிவாங்கும். சதை உடைந்ததைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான சிபிகே, நூறு, இருநூறில் இருக்க வேண்டியது, நாற்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றி, டயாலிசிஸ் இல்லாமல் தப்பினான். நிறம் மாறினால், வீங்கினால், காலை மடக்கவே முடியாவிட்டால் நடைப்பயிற்சி கிடையாது, ஆஸ்பத்திரிதான்.

ஓட்டக்காரி

நான் சொன்னது சாதாரண வலிக்கு. அதையும் எழுதியிருக்க வேண்டும் என்கிறீர்கள், சரி.

தென்னந்தோப்பு

நடுராத்திரி நரம்பு சுருட்டியதை யாரும் எழுதவில்லையே? போர்வைக்குள் காலை நீட்டிச் சோம்பல் முறித்தேன், அவ்வளவுதான். கெண்டைக்கால் உருண்டு மேலே ஏறி நின்றது. கத்தியதில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. வீட்டம்மா தூக்கக் கலக்கத்திலேயே பாதத்தைப் பிடித்து விரல்களை முட்டிப் பக்கமாகத் தள்ளினாள், இறங்கியது.

கரிசல்காட்டான் சொன்ன ஏடிபி கணக்கு இதற்கு ஒத்துவராது. அப்பத்தா கையில் நரம்புக்கு வேலையே இல்லை. இங்கே நரம்பு ஓயாமல் உத்தரவு போட்டுக்கொண்டே இருக்கிறது, அதனால்தான் சதையை நீட்டியதும் அடங்குகிறது. எல்லோரும் வாழைப்பழம் சாப்பிடுங்கள், பொட்டாசியம் குறைவுதான் காரணம்.

பூக்கடைமுக்கு

அண்ணே, பொட்டாசியம் குறைந்து படுத்தவன் நான். எனக்குச் சதை சுருட்டவே இல்லை, துணியாகக் கிடந்தது. சும்மா பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் பொட்டாசியத்தை அள்ளிப் போட்டுக்கொண்டால் இதயத்துக்கே ஆபத்து.

கரிசல்காட்டான்

பூக்கடை, வீட்டுக்கு அனுப்பும்போது பொட்டாசியம் சிரப் கொடுத்தார்களா? எங்கள் சித்தப்பாவுக்கும் எழுதியிருக்கிறார்கள், வாயில் வைக்க மாட்டேன் என்கிறார்.

பூக்கடைமுக்கு

கொடுத்தார்கள். உப்பும் கசப்புமாக இருக்கும். அப்படியே குடித்தால் வயிறு எரியும். ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து, சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கச் சொல்லுங்கள். அளவை மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.