ரீவோ மடத்தின் ஆள் கணக்கு: 1322 முதல் 1381 வரை எங்கே தேடலாம்?

வணக்கம். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் 1132-இல் தொடங்கிய ரீவோ மடத்தை (சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கத் துறவற சபையைச் சேர்ந்தது) பற்றிக் கட்டுரை எழுதுகிறேன். நடுவில் ஒரு காலகட்டத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

ஏல்ரெட் மடத் தலைவராக இருந்தபோது (1147–1167) 140 துறவிகளும், சகோதரர்கள் (சபையில் சேர்ந்து உடலுழைப்பு செய்தவர்கள்), வேலையாட்கள் என 500 பேரும் இருந்ததாக அவருடைய சீடர் வால்டர் டேனியல் எழுதுகிறார். திருநாட்களில் கோயில் தேன்கூடு போல நெரிந்ததாம். கூட்டிச் சொல்லியிருந்தாலும் பெரிய கூட்டம்தான். ஆனால் 1381 வாக்கில் துறவிகள் 15 பேர் அளவில்தான். சகோதரர்கள் வெறும் 3 பேர். ஆடு வளர்த்து, நிலம் உழுது மடத்தைத் தாங்கியவர்களே இவர்கள்தான். அதனால்தான் இதை ஒரே வரியில் கடந்துபோக மனம் வரவில்லை.

காரணங்கள் தெரியும்: ஆடுகளுக்கு வந்த சொறிநோய், கடன், 1322-இல் ஸ்காட்லாந்துப் படையின் கொள்ளை, அப்புறம் 1348–49 கொள்ளைநோய். எது எத்தனை பேரைக் குறைத்தது என்பதுதான் பிடிபடவில்லை.

வால்டர் டேனியலின் நூலை மொழிபெயர்ப்பில் படித்துவிட்டேன். மடத்தின் சாசனத் தொகுப்பையும் புரட்டினேன். நிலக்கொடைகள் நிறைய, ஆள் கணக்கு இல்லை. இடிபாடுகளின் வரைபடத்தில் கட்டட அளவு மட்டுமே தெரிகிறது.

1322-க்கும் 1381-க்கும் இடையில் ரீவோவில் எத்தனை சகோதரர்கள் இருந்தார்கள் என்பதை எந்த வகை ஆவணத்தில் தேடலாம்?