பொருள்: வலசைக் கையேடு – ‘கெட்டில்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் (வெள்ளிக்குள் தேவை)

கையேட்டுப் பணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

வடக்கு நோக்கித் திரும்பும் வேட்டைப்பறவைகளைக் காண, வழிகாட்டியோடு, இத்தாலிக்கும் சிசிலித் தீவுக்கும் இடையிலுள்ள மெசினா நீரிணைக்குச் செல்லும் குழுவுக்கான கையேடு தமிழில் வருகிறது. வெள்ளிக்கிழமை பக்க அமைப்புக்குக் கொடுத்தாக வேண்டும். ஒரு சொல் மட்டும் பிடிகொடுக்கவில்லை.

வெயில் ஏறியதும் தரையிலிருந்து சூடான காற்று எழுகிறது. பருந்துகள் அதற்குள் புகுந்து, சிறகடிக்காமல், சுற்றிச் சுற்றி மேலேறுகின்றன. பத்தும் இருக்கலாம், ஐந்நூறும் இருக்கலாம். தூரத்திலிருந்து பார்த்தால் பானை கொதிப்பதுபோல் தெரியும். ஆங்கிலத்தில் ‘கெட்டில்’ என்கிறார்கள். மூலத்தில் பக்கத்துக்குப் பக்கம் வருகிற சொல். ‘பருந்துக் கூட்டம்’ என்று போட்டால், ‘கூட்டம் கெட்டிலாக மாறுகிறது’ என்று வரும் இடத்தில் மாட்டிக்கொள்கிறோம். இப்போதைக்குப் ‘பருந்துச்சுழல்’ என்று வைத்திருக்கிறோம். எழும் சூடான காற்றைக் குறிக்கும் ‘தெர்மல்’, பறவைகள் உச்சியிலிருந்து பிரிந்து வரிசையாகப் போவதைக் குறிக்கும் ‘ஸ்ட்ரீம்’ இரண்டுக்கும் சேர்த்தே கருத்துச் சொல்லுங்கள்.

நன்னூல் மாணவன் எழுதியது:

பருந்துச்சுழல் என்று வலி மிகுத்து எழுதியது சரி. மென்தொடர்க் குற்றியலுகரம், வேற்றுமைப் புணர்ச்சி, பாம்புத்தோல் போல. ஒற்றை விட்டுவிட்டால் ‘பருந்தே, சுழல்’ என்று ஏவுவதுபோல் ஆகிவிடும்.

ஆனால் புதிதாக ஆக்குவானேன்? ‘வட்டணை’ இருக்கிறதே. கூத்திலும் குதிரைச் செலவிலும் வட்டமாகச் சுற்றிவருவதற்கு நம்மவர் வைத்த சொல். ஈரசை, வாய்க்கு எளிது. பறவைகள் வட்டணை இட்டன, வட்டணை கலைந்தது, வட்டணையில் சேர்ந்தன என்று எந்த வினையோடும் ஒட்டும்.

களநோக்கர் எழுதியது:

> பருந்துச்சுழல்

‘பருந்து’ வேண்டாம். அதே சுழற்சியில் வெண்நாரைகளும் ஏறும், கழுகுகளும் ஏறும். கூழைக்கடாக்களும் இப்படித்தான் ஏறுகின்றன. பறவைப் பெயர் இல்லாத சொல்லாக இருக்கட்டும்.

> வட்டணை

‘வட்ட’ என்று தொடங்கும் எதுவும் எனக்கு உறுத்துகிறது. ‘பருந்து வட்டமிடுகிறது’ என்றால் கீழே இரை தேடுகிறது என்றுதான் தமிழில் எவரும் எடுத்துக்கொள்வார்கள். செய்தித்தாளில் போர் விமானம் வட்டமிடுவதும் அந்தப் பொருளில்தான். வலசைப் பறவை கீழே பார்ப்பதில்லை. உயரம் சேர்ப்பது ஒன்றே அதன் வேலை. உச்சியை எட்டியதும் சிறகை மடித்தாற்போல் பின்னுக்கு இழுத்து, நேர்க்கோட்டில் சறுக்கிப் போகும். ஆயிரம் மீட்டர் இறங்கினால் பத்துக் கிலோமீட்டர் அளவுக்கு முன்னேறிவிடும். பிறகு அடுத்த ஏற்றம்.

இந்த இரண்டு கட்டமும் சொல்லிலேயே பிரிந்து நிற்க வேண்டும். எண்ணும் வேலையே அதை நம்பித்தான் நடக்கிறது. சுற்றிக்கொண்டிருக்கும்போது எண்ணவே கூடாது. ஏறும் பறவை நழுவி இறங்கி மறுபடி ஏறும், ஒரு பறவையை மூன்று முறை எண்ணிவிடுவோம். இனம் மட்டும் அப்போது பார்த்துக்கொள்ள வேண்டும். உச்சியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்து போகத் தொடங்கியதும், மலைமுகட்டின் ஒரு மரத்தையோ கோபுரத்தையோ குறியாக வைத்து, அதைக் கடப்பவற்றை மட்டும் கைக்கருவியில் அழுத்தி எண்ணுவது. வேகமாக வந்தால் பத்துப் பத்தாக. ஒரு குழுவில் இருவர் எண்ணினால் ஒருவர் பாதி வானம், மற்றவர் மறு பாதி என்று முன்பே பிரித்துக்கொள்வது. புதிதாக வருபவர்கள் எல்லோரும் தவறுவது இங்கேதான். சுழலும்போது கண்டதையும் பிரிந்து போகும்போது கண்டதையும் கூட்டிவிடுவார்கள்.

நன்னூல் மாணவன் எழுதியது:

அப்படியானால் இரண்டாம் கட்டத்துக்கு ‘ஒழுக்கு’ என்பதைவிட நல்ல சொல் கிடையாது. முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுநிலம் ஏறும் எறும்பு வரிசையைப் புறநானூறு ஒழுக்கு என்றுதான் சொல்கிறது. நன்னூல் சூத்திர நிலை நான்கில் ஆற்றொழுக்கும் இருக்கிறது, பருந்தின் வீழ்வும் இருக்கிறது. பருந்தொழுக்கு என்று சேர்த்தால் ஒரே சொல்லில் இரண்டையும் தொட்டுவிடலாம். (பருந்தின் வீழ்வு என்பது இரைமேல் பாய்ந்து எடுத்துக்கொண்டு போவது, சறுக்கல் அன்று. அதை இங்கே கொண்டுவர வேண்டாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். பவணந்தியார் காட்டிய அந்தப் பாய்ச்சலுக்குத் தனிச்சொல் தேவைப்படும்போது ‘வீழ்வு’ ஆயத்தமாக இருக்கிறது. குறுந்தொகையில் வங்காப் பறவைமேல் எழால் என்னும் வேட்டைப்பறவை வந்து விழுவதும் அதே வினைதான்.)

அறிவியல் ஆசிரியை எழுதியது:

ஐயா, ‘ஒழுக்கு’ என்றால் இன்றைக்குப் படிப்பவருக்குக் கூரைதான் நினைவுக்கு வரும். வகுப்பில் ‘பருந்தொழுக்கு’ என்று எழுதிப்போட்டால் ‘ஒழுக்கம்’ என்று படிப்பார்கள். ‘சறுக்குநிரை’ என்று வைக்கலாம். ஆநிரை தெரிந்தவருக்கு நிரை தெரியும், தெரியாதவருக்கும் வரிசை என்று புலப்படும்.

தெர்மலுக்குச் சிலர் ‘வெப்பச்சுழல்’ என்று எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அது தவறான பாடத்தைச் சொல்லித்தரும். காற்று சுழலத் தேவையில்லை. எழும் காற்று குறுகிய தூணாக இருக்கிறது. வெளியே போனால் பறவை கீழே இறங்கிவிடும். அதனால் உள்ளேயே நிற்கச் சுற்றுகிறது. சுற்றுவது பறவை. சுழல் என்ற சொல்லைக் காற்றுக்குக் கொடுத்தால் சூறாவளியோடு குழப்பிக்கொள்வார்கள். ‘வெப்ப ஏறுகாற்று’ என்பது என் பரிந்துரை. சரிவில் மோதி மேலே திரும்பும் காற்றிலும் பறவைகள் ஏறுமல்லவா, அது ‘சரிவு ஏறுகாற்று’. ஏறுகாற்று பொது, முன்னொட்டு காரணத்தைச் சொல்கிறது.

இதே காரணத்தை வைத்து நீரிணையையும் விளக்கலாம். கடல் தரையைப்போல் விரைவில் சூடாவதில்லை, அதன்மேல் பகலில் நல்ல ஏறுகாற்று கிடைப்பதில்லை. அகன்ற சிறகுப் பறவைகள் கடலைத் தவிர்த்து, நிலம் நிலத்தை நெருங்கும் இடத்துக்கு வந்து குவிகின்றன. மெசினாவில் குறுகிய இடம் 3 கிலோமீட்டர் சுமார்.

களநோக்கர் எழுதியது:

ஆசிரியை சொன்னதில் ஒரு திருத்தம் தேவை. தேன்பருந்து மெசினாவுக்கு வருமுன்பே துனிசியாவின் கிழக்கு முனையிலிருந்து சிசிலிக்கு ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கடலைச் சிறகடித்துத் தாண்டுகிறது. பூனைப்பருந்துகளும் வல்லூறுகளும் கடலுக்கு அவ்வளவு அஞ்சுவதில்லை. கடலை முடிந்தவரை தவிர்ப்பவை பெருங்கழுகுகளும் நாரைகளும்தான். கையேட்டில் ‘வேட்டைப்பறவைகள் கடலைத் தாண்டா’ என்று எழுதிவிடாதீர்கள்.

வெப்ப ஏறுகாற்று எனக்கு ஒப்புதல். அதைக் கண்ணால் காண வழியில்லை, மேகத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும் என்ற வரியையும் சேர்க்கவும். தட்டையான அடிப்பாகம் கொண்ட பஞ்சுமேகத்துக்குக் கீழே தேடினால் கிடைக்கும். மேகமே இல்லாத நீலவானத்தில் அறுநூறு எழுநூறு மீட்டர் உயரத்துத் தேன்பருந்து வெறுங்கண்ணுக்கு எளிதில் தெரியாது. முதலில் முகட்டை ஒட்டி எட்டு மடங்கு இருநோக்கியால் கிடைமட்டமாக ஒரு வீச்சு, அடுத்தது அதற்குச் சற்று மேலே, முன் வீச்சின் மேற்பாதியை மறுபடி தொட்டபடி. தொலைநோக்கியைக் காலையில் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். நண்பகலில் கானலால் படம் நெளியும், விலை உயர்ந்த கண்ணாடியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

சுழலும்போது இனம் பார்ப்பது எப்படி என்பதும் இருக்கட்டும். தேன்பருந்து சிறகைத் தட்டையாக வைத்துச் சுற்றும், தலை குயில்போல் சிறுத்து முன்னே நீட்டியிருக்கும். சாதாரணப் பொதுப்பருந்து சிறகை மேல்நோக்கி லேசாக உயர்த்தும். இரண்டும் ஒரே திரளில் கலந்துவரும்.

சொல்லாய்வன் எழுதியது:

நடுவில் குறுக்கிடுவதற்குப் பொறுத்தருள்க. ‘வலசை’ என்பதையே எல்லோரும் ஆராயாமல் எடுத்துக்கொள்கிறீர்கள். படைக்கு அஞ்சிக் குடிபெயர்தல் என்பதுதான் அகராதிப் பொருள். தெலுங்கில் வலச, கன்னடத்தில் வலசெ. சிலர் இதை ‘வலம்’ என்பதோடு சேர்த்து, வலஞ்சுற்றிப் போவதால் வலசை என்கிறார்கள். அப்படியானால் சுற்றிச் சுற்றி ஏறும் இந்தக் கூட்டத்துக்கே ‘வலசை’ முன்பே பொருந்திவிடுகிறது! குதிரை ஓட்டத்தில் வலசாரி, இடசாரி என்று வரும் ‘சாரி’யும் சுற்றுச்செலவுதான். ‘வான்சாரி’ என்று ஒன்று ஆக்கிப் பார்க்கலாமே.

‘வசந்தகால வலசை’யும் எனக்கு ஒவ்வாது. இளவேனில் என்க.

அறிவியல் ஆசிரியை எழுதியது:

வலம்–வலசை உறவுக்கு ஒலி ஒற்றுமையைத் தவிர வேறு பிடிமானம் இல்லை. தெலுங்கு, கன்னட வடிவங்களில் சுற்றுதல் என்ற பொருளே வரவில்லை.

இளவேனில் சித்திரையும் வைகாசியும். சேற்றுப் பூனைப்பருந்துகள் மார்ச் கடைசியிலேயே மெசினாவைக் கடக்கத் தொடங்கிவிடும். அது பங்குனி, நம் கணக்கில் பின்பனி. தேன்பருந்தின் உச்சம் ஏப்ரல் கடைசி, மே தொடக்கம். அது மட்டும் இளவேனிலில் விழுகிறது. பருவப் பெயரை விட்டுவிட்டு ‘வடக்கு வலசை’ என்று திசையால் சொன்னால் எந்த மாதத்துக்கும் பொருந்தும்.

சொல்லாய்வன் எழுதியது:

திசை எனில் அது வெறும் குறிப்பு. ‘மீள்வலசை’ என்றால் திரும்புகிறது என்ற பொருள் கிடைக்கும்.

களநோக்கர் எழுதியது:

எங்கிருந்து எங்கே மீள்கிறது? தேன்பருந்து ஐரோப்பாவில் இருப்பது மே முதல் ஆகஸ்ட், மிஞ்சினால் செப்டம்பர் வரை. ஆண்டின் பெரும்பகுதி ஆப்பிரிக்காவில். நாள் கணக்கில் பார்த்தால் ஆப்பிரிக்காவே அதன் ஊர். கூடு கட்டும் இடத்தை ஊர் என்று எடுத்துக்கொள்வது ஐரோப்பியரின் வழக்கம், நமக்கு அது வேண்டியதில்லை. வடக்கு வலசை.

கையேட்டுப் பணி எழுதியது:

வடக்கு வலசை, வெப்ப ஏறுகாற்று, சறுக்குநிரை மூன்றையும் எடுத்துக்கொள்கிறோம். நன்றி.

புதிய சிக்கல் ஒன்று. மெசினாவில் இந்தப் பறவைகளைச் சட்டத்துக்குப் புறம்பாகச் சுட்டதைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. மலைச்சரிவில் கான்கிரீட் மறைவிடங்கள் கட்டி, தாழ்ந்து வரும் பறவைகளைச் சுட்டார்கள். 1981-இல் அன்னா ஜோர்தானோ என்ற இளம்பெண் அதை எதிர்த்து நின்றார். 1998-இல் அவருக்குக் கோல்ட்மன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது. ‘வேட்டைப்பறவைகளை வேட்டையாடுவோர்’ என்று எழுத வேண்டியிருக்கிறது. படிக்க நன்றாக இல்லை.

நன்னூல் மாணவன் எழுதியது:

வேட்டைப்பறவைக்கு, முன்பு குறுந்தொகையிலிருந்து காட்டிய ‘எழால்’ என்ற சொல்லையே வைக்கச் சொல்கிறேன். ‘எழால் வேட்டை’ என்றால் சிக்கல் தீர்ந்தது.

அறிவியல் ஆசிரியை எழுதியது:

எழால் ஒரு பறவையா, பல பறவையா என்றே வாசகருக்குத் தெரியாது. முதல் பக்கத்திலேயே சொல்லகராதியைத் தேட வைக்கும் கையேடு பயணத்துக்கு உதவாது. பறவைக்கு ‘வேட்டைப்பறவை’, மனிதர் செயலுக்குக் ‘கள்ளச்சூடு’. சுட்டதைச் சுட்டது என்றே சொல்லலாம். ‘கொன்றுண்ணி’ என்று யாரும் மாற்ற வேண்டாம். பிணம் தின்னும் பாறு கொல்வதில்லை, தேன்பருந்தின் முதன்மை உணவே குளவிப் புழுக்கள்.

கெட்டிலுக்கு என் வாக்கு: ‘சுழல்திரள்’. வினைத்தொகை. சுழன்ற, சுழல்கின்ற, சுழலும் திரள். பறவைப் பெயரும் இல்லை, காற்றைப் பற்றிய தவறான கருத்தும் இல்லை.

களநோக்கர் எழுதியது:

சுழல்திரளுக்கு என் ஒப்புதல். ஒரு குறை மட்டும்: களத்தில் வழிகாட்டி காற்றுக்கு எதிராகக் கத்த வேண்டும். ‘கோபுரத்துக்கு வலப்பக்கம், இரண்டு விரல் மேலே, சுழல்திரள்!’ என்றால் கடைசிப் பாதி காற்றோடு போய்விடும். வாய்ப்பேச்சில் ‘திரள்’ என்று சுருக்கிக்கொள்ளலாம் என அடிக்குறிப்பு போடுங்கள். ‘சுழல்’ என்று சுருக்க வேண்டாம், ஆசிரியையின் காரணத்துக்காகவே.

கையேட்டுப் பணி எழுதியது:

பெரும்பாலோர் சுழல்திரள் என்கிறீர்கள். அதையே போடுகிறோம். சொல்லடைவு நாளை மூடப்படும்.

நன்னூல் மாணவன் எழுதியது:

என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். ‘திரள்’ என்று சுருக்கியதும் உங்கள் சொல்லில் சுழற்சியே இல்லாமல் போகிறது. சறுக்கிப் போவதும் திரள்தான், மரத்தில் அடைவதும் திரள்தான். இரண்டு கட்டமும் பிரிந்து நிற்க வேண்டும் என்று களநோக்கர் முதல் மடலில் கேட்டது, அவரே சொன்ன சுருக்கத்தால் அழிகிறது. வட்டமிடுதலுக்கு இரை தேடும் பொருள் ஏறியிருப்பது உண்மை. வட்டணைக்கு அப்படி எதுவும் ஏறவில்லை, ஏனெனில் அதை யாரும் இன்னும் பறவைக்குப் பயன்படுத்தவில்லை. சொல்லடைவு மூடுமுன் ஒரு வரி மட்டும் சேர்க்க வேண்டுகிறேன்: ‘வட்டணை – காண்க: சுழல்திரள்’.

களநோக்கர் எழுதியது:

அந்த வரி இருக்கட்டும். களத்தில் எது நிற்கிறது என்பதை மே மாதம் வழிகாட்டிகளிடம் கேட்டு இங்கே எழுதுகிறேன்.