கேட்வுமன் கதைகள்: 12 ஆண்டு இடைவெளி குறித்து உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். பேட்மேன் கதைகளில் திரும்பத் திரும்ப வரும் வில்லியான கேட்வுமனைப் பற்றித் தமிழில் ஒரு விரிவான கட்டுரை எழுதிவருகிறேன்.

1940இல் வெளியான பேட்மேன் முதல் இதழில், 'பூனை' என்ற பெயருடன் மட்டும், ஒரு கப்பலில் கிழவி வேடமிட்டு மரகத மாலையைத் திருட அவள் வருகிறாள். பேட்மேன் அவளுடைய முகப்பூச்சைத் துடைத்து வேடத்தைக் கலைக்கிறான். ஆனால் அவள் தண்ணீரில் குதித்ததும், துரத்தப் பாயும் தன் இளம் கூட்டாளி ராபின்மீது தற்செயலாக மோதியதுபோல் மோதித் தடுத்துவிடுகிறான். அது வேண்டுமென்றே செய்ததுதான் என்று ராபினே சந்தேகப்படுகிறான். பகையும் ஈர்ப்பும் கலந்த இந்த உறவு அந்த முதல் கதையிலேயே முழுமையாக அமைந்துவிட்டது என்பது என் உறுதியான கருத்து.

என் சிக்கல் அதன் பிறகு தொடங்குகிறது. அமெரிக்கப் பதிப்பாளர்கள் 'காமிக்ஸ் கோட்' என்னும் தணிக்கை விதிகளை ஏற்ற 1954ஆம் ஆண்டிலேயே கதைகளிலிருந்து மறைந்த அவள், 1966இல்தான், அதுவும் சூப்பர்மேனின் காதலியான லோயிஸ் லேனின் இதழில், மீண்டும் தோன்றுகிறாள். குற்றவாளியைப் பரிவுடன் காட்டக் கூடாது என்ற விதியே காரணம் என நான் கருதினாலும், ஊகத்தை மட்டும் நம்பி எழுத மனம் ஒப்பவில்லை.

அக்காலப் பதிப்பாசிரியர்களோ கதாசிரியர்களோ இதுபற்றிப் பேசிய நேர்காணலை யாரேனும் படித்திருந்தால், அது வெளியான இதழின் பெயரையும் ஆண்டையும் தெரிவிக்க வேண்டுகிறேன். 1940 முதல் 1954 வரையிலான அவளுடைய கதைகளை வரிசையாகப் படிக்க ஏற்ற தொகுப்புகள் எவை என்பதையும் சொன்னால் பெரிதும் நன்றியுடையவனாக இருப்பேன்.