பெட்டகத்துக்குள்ள கிடக்கிற ஏடும் உறுதியும்: மாரிக்கு முன்னம் என்ன செய்யலாம்?

கொக்குவிலான்:
வீட்டுப் பெட்டகத்தில பனையோலை ஏடு மூண்டு கட்டு, பழைய காணி உறுதிகள், படங்கள். அதுக்கு மேலால இருபது வருசத்துக் கலண்டரும் பேப்பரும். ஏட்டில ஊசித்துளை மாதிரி ஓட்டை, அடியில மாவாய் உதிர்ந்திருக்கு. அந்துருண்டை போட்டால் காணுமோ? எண்ணெய் பூசலாமோ?

ஓலைச்சுவடி:
அந்துருண்டை வேண்டாம். அதின்ர மணம் பூச்சியை விலத்தி வைக்குமே தவிர, ஓலைக்குள்ள இருக்கிற புழுவைக் கொல்லாது. மூச்சுக்கும் கூடாது.

முதல்ல புழு உயிரோட இருக்கோ எண்டு பாருங்கோ. கட்டைக் கறுத்தத் தாளில ஒரு கிழமை வையுங்கோ. புது மா விழுந்தால் இருக்கு. அப்பிடியெண்டால் பொலித்தீன் பையில காத்தை அமத்தி எடுத்து இறுக்கி மூடி, -18 பாகையில ரெண்டு கிழமை ஆழ்குளிரூட்டியில வையுங்கோ. இடையில கரண்ட் போய் இளகினால் நாளைத் திரும்ப எண்ணவேணும். வெளியில எடுத்தவுடன பையைத் திறக்காதேங்கோ. குளிர்ந்த ஓலையில ஈரம் படியும். 24 மணித்தியாலம் அப்பிடியே விடுங்கோ. பூஞ்சணம் இதால சாகாது, அதுக்கு ஈரத்தைக் குறைக்கிறது ஒண்டுதான் வழி.

தூசியை மெல்லிய தூரிகையால ஓலையின்ர நீளப்பாட்டுக்குத் தட்டுங்கோ. ஒட்டிக்கிடக்கிற ஓலையைக் கத்தி வைச்சுப் பிரிக்கவே கூடாது.

எண்ணெய் கடைசி வேலை. காப்பகங்களில எலுமிச்சம்புல் எண்ணெயை மெலிதாய்ப் பூசுவினம். ஆனால் ஓலையில எழுத்தாணிக் கீறல் இல்லாமல் மையால மட்டும் எழுதியிருந்தால் எழுத்துக் கரைஞ்சுபோம். ஓரத்தில ஒரு புள்ளி தொட்டுப் பார்க்காமல் கைவைக்காதேங்கோ. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

வசம்பு, நொச்சி நல்லது. நல்லாக் காய்ஞ்சதைத் துணியில முடிஞ்சு, ஓலையில முட்டாமல் வையுங்கோ. மணம் போனால் மாத்துங்கோ. கட்டுறதுக்குச் சாயமில்லாத, தோய்ச்ச பருத்தித் துணி. சிவப்புத் துணி நனைஞ்சால் சாயம் இறங்கும்.

பதிவேடு:
எண்ணெய்க்கு முன்னம் படம் எடுங்கோ. எழுத்து மங்கலெண்டால் ரோச் லைற்றைப் பக்கவாட்டில சரிச்சுப் பிடியுங்கோ, கீறல் நிழல் விழுந்து வாசிக்கலாம். ஓலைக்குப் பக்கத்தில அடிமட்டம் ஒண்டு வையுங்கோ. ரெண்டு பக்கமும், வெறும் ஓலையும் விடாமல், ஒழுங்கு குலையாமல் எடுக்கவேணும். 1981இல யாழ் பொது நூலகத்தோட 97,000 அளவான நூல்களும் அங்கயிருந்த ஏடுகளும் எரிஞ்சது. வேற பிரதி இல்லாதது எல்லாம் அண்டைக்கே முடிஞ்சுது. அதால பிரதியை ஒரு வீட்டில மட்டும் வைக்காதேங்கோ. 2005இல தொடங்கின ‘நூலகம்’ எண்ட மின்னூலகத்தோடயும் கதையுங்கோ. மூல ஏடு ஆரிட்ட இருக்கும் எண்டதை முதலே எழுத்தில பேசிக்கொள்ளுங்கோ.

கொக்குவிலான்:
நன்றி. உறுதிகள் மடிப்பில கிழியுது, செலோரேப் ஒட்டலாமோ?

நொத்தாரிசுக் கட்டு:
ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகித் தாளுக்குள்ள இறங்கும், பேந்து கழட்டேலாது. லமினேற் பண்ணுறதும் அப்பிடித்தான். துருப்பிடிச்ச ஊசி, கிளிப்பைக் கழட்டி, மடிப்பை விரிச்சு, ஒவ்வொண்டையும் வெறும் வெள்ளைத்தாளுக்கு நடுவில தட்டையாய் வையுங்கோ. உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின்ர பெயரை வேற கொப்பியில எழுதுங்கோ. மூலம் பழுதானாலும் அந்த விபரத்தோட காணிப் பதிவகத்தில அத்தாட்சிப்படுத்தின பிரதி கேக்கலாம்.

கலண்டரும் பேப்பரும்தான் உங்கட பெரிய ஆபத்து. சுவரோட ஒட்டிக் கிடக்கிற பேப்பர் அடுக்கில கறையான் ஏறினால் வெளியில தெரியாது, பெட்டகத்துக்குள்ள வந்தாப்பிறகுதான் தெரியும். முதல் நாளே அதுகளை எடுங்கோ. ஆரும் கையால கணக்கு, பிறப்பு, செத்தவீட்டு நாள் குறிச்ச கலண்டரை மட்டும் வையுங்கோ. பெட்டகத்தைச் சுவரில இருந்து ஒரு சாண் தள்ளி, நிலத்தில முட்டாமல் கால் குடுத்து நிறுத்துங்கோ. மாரிக்கு மாதம் ஒருக்கா பின்பக்கம் ரோச் அடிச்சு கறையான் கட்டுற மண்கோடு இருக்கோ எண்டு தேடுங்கோ. திறந்து காத்தாட விடுறது மழையில்லாத, வெயில் எறிக்கிற பகலில மட்டும். நேர் வெயில் ஏட்டில படக்கூடாது.