கண்ணாடி டியூப் எங்க கிடைக்கும்?
காரைக்குடி, தேவகோட்டை பக்கம் கிளினிக் வச்சிருக்கிற டாக்டர்கள் சொல்லுங்க: மருந்து எதுவும் பூசாத சாதா கண்ணாடி டெஸ்ட் டியூப் சில்லறையா எந்தக் கடையில கிடைக்குது? கேட்ட இடமெல்லாம் பிளாஸ்டிக்கைத்தான் நீட்டுறாங்க.

பாம்புக்கடிக்குச் செய்யுற 20 நிமிட ரத்த உறைவு சோதனைக்கு அது ஆகாது. 2 மி.லி. ரத்தம் கண்ணாடியைத் தொட்டாத்தான் உறையத் தொடங்கும். பிளாஸ்டிக்ல நல்ல ரத்தமே தண்ணியா நிக்கும். ரத்தத்தை உறைய விடாத கண்ணாடிவிரியன் விஷம்னு நெனச்சு 10 குப்பி முறிமருந்தை வீணா ஏத்திடுவோம். சோப்புப் போட்டுக் கழுவின டியூபும் அதே வம்புதான். அதனால புதுசுதான் வேணும்.

கூடவே இன்னொண்ணு: மருந்து ஏத்தி 6 மணி நேரம் கழிச்சு மறுசோதனை பண்ணணுமே, ராத்திரியில டியூபை அசைக்காம வைக்க என்ன ஸ்டாண்ட் வச்சிருக்கீங்க? போட்டோ போடுங்க.