வீட்டிலேயே வாரம் ஆறு முறை டயாலிசிஸ்: உடல் தேறுமா, தளருமா?

கேள்வி:
என் கணவர் இரண்டு ஆண்டுகளாக வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம் வீதம் மருத்துவமனையில் டயாலிசிஸ் செய்துவருகிறார். வீடு திரும்பியதும் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, அன்று முழுவதும் சுருண்டு படுத்துவிடுகிறார். வீட்டிலேயே வாரம் ஆறு முறை செய்துகொள்ளலாம் என்கிறார் மருத்துவர். உடல் அதைத் தாங்குமா? அவருக்கு இப்போதும் தினமும் ஒரு டம்ளர் அளவு சிறுநீர் பிரிகிறது.

மறுமொழி 1:
நான்கு ஆண்டுகளாக வீட்டில் செய்துகொள்கிறேன். இரண்டு மூன்று நாள் தேங்கிய நீரைச் சில மணி நேரத்தில் இழுத்தெடுப்பதால்தான் ரத்த அழுத்தம் சரிந்து, தசை பிடித்து, உடல் துவண்டுபோகிறது. அடிக்கடி செய்யும்போது ஒவ்வொரு முறையும் எடுக்கவேண்டிய நீர் குறைவு. முன்பு மறுநாள் காலை வரை எழ முடியாத நான், இப்போது ஊசியை எடுத்த ஒரு மணி நேரத்தில் எழுந்து நடக்கிறேன். ரத்த அழுத்த மாத்திரை மூன்றிலிருந்து ஒன்றாகக் குறைந்தது.

மறுமொழி 2:
மேலே சொன்னது உண்மைதான். ஆனால் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். வட அமெரிக்காவில் 245 பேரிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், டயாலிசிஸ் மையத்தில் வாரம் ஆறு முறை செய்துகொண்டவர்களுக்கு இதயத்தின் இடது கீழறைத் தடிப்பு குறைந்தது, ரத்த அழுத்தமும், ரத்தத்தில் தேங்கும் பாஸ்பேட் உப்பின் அளவும் சீரடைந்தன. ஆனால் ஃபிஸ்டுலா (ஊசி போடுவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து உருவாக்குவது) போன்ற ரத்த வழிகளைச் சரிசெய்யவேண்டிய தேவை கூடியது. வீட்டில் இரவு முழுவதும் செய்துகொள்வதைப் பற்றி 87 பேரிடம் நடந்த மற்றோர் ஆய்விலும் ரத்த அழுத்தமும் பாஸ்பேட்டும் இறங்கின, ஆயினும் இதயத்துக்கான பலன் உறுதிப்படவில்லை. எஞ்சியிருந்த சிறுநீர் வேகமாகக் குறைந்தது. அந்த ஒரு டம்ளரைச் சிறிதென்று எண்ணாதீர்கள். இயந்திரம் அகற்ற இயலாத சில கழிவுகளையும் அதுவே வெளியேற்றுகிறது.

மறுமொழி 3:
என் தாய்க்கு நான்தான் ஊசி போடுகிறேன். தினமும் காலையில் ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்து, ரத்தம் ஓடும் அதிர்வு இருக்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற வேலை. ஒரே துளையில் திரும்பத் திரும்பக் குத்தும் முறையில் தொற்று வரும் வாய்ப்பு அதிகம்; பொருக்கை முழுவதும் நீக்கிச் சுத்தம் செய்யாமல் ஒருநாளும் குத்தாதீர்கள். உங்கள் உறக்கத்தையும் கணக்கில் வைத்தே முடிவெடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. இருபத்துநான்கு மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து அளந்த பிறகு, ஆறு முறைக்குப் பதில் நான்கில் தொடங்கலாமா என்று மருத்துவரிடம் கேட்கப்போகிறோம்.